தரைதட்டுவதற்கென்றே கட்டிய கப்பல்

இரண்டாம் உலகப் போரில், 1940-இல் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்ட பிரிட்டன், டாங்கிகளையும் லாரிகளையும் அங்கேயே போட்டுவிட்டு வர நேர்ந்தது. மறுபடி ஐரோப்பாவுக்குள் நுழைவதென்றால் துறைமுகமெல்லாம் எதிரியின் கையில் இருக்கும். வெறும் மணலில்தான் டாங்கியை இறக்க வேண்டும். அதைச் சுமந்து வரும் கப்பல் அட்லாண்டிக்கையும் கடக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். நடுக்கடலில் நிலைகுலையாமல் ஓட, கப்பல் நீரில் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். கரையில் ஏறவோ அது மேலெழும்பி மிதக்க வேண்டும்.

அமெரிக்கக் கடற்படையின் ஜான் நீடர்மையர் 1941 நவம்பரில் இதற்கு விடை வரைந்தார். அடிப்பகுதியில் பெரிய தொட்டிகள். ஆழ்கடலில் அவற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளலாம், கரை நெருங்கியதும் பம்பு வைத்து வெளியேற்றிவிடலாம். நீர்மூழ்கிகளில் ஏற்கெனவே இருந்த உத்திதான். இப்படிப் பிறந்தவைதான் எல்.எஸ்.டி (Landing Ship, Tank, அதாவது டாங்கி இறக்கும் கப்பல்) கப்பல்கள், போர் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கணக்கு. கப்பலின் நீளம் 100 மீட்டர். கரையேறும்போது முன்பக்கம் ஏறத்தாழ 1 மீட்டரும், பின்பக்கம் 3 மீட்டரும் நீருக்குள் இருக்கும். அதாவது 100 மீட்டருக்கு 2 மீட்டர், 50-க்கு 1 என்ற சரிவு. கடற்கரை மணலும் அதே அளவு சரிந்திருந்தால் கப்பலின் அடி முழுவதும் மணலோடு படிந்து உட்காரும். முகப்பின் இரு கதவுகளும் திறக்க, சாய்தளம் இறங்க, டாங்கிகள் ஓடி வெளியேறும்.

சரி, உட்கார்ந்த கப்பல் எப்படித் திரும்பும்? கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு, கம்பிவடத்தை விட்டுக்கொண்டே வருவார்கள். சரக்கு இறங்கியதும் கப்பல் லேசாகிவிடும். அப்புறம் வின்ச்சால் அந்த வடத்தைச் சுருட்டினால் கப்பல் தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

தட்டையான அடி என்பதால் அலையில் இது ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வேகமும் மணிக்கு 12 கடல்மைல்தான். எல்.எஸ்.டி என்றால் 'Large Slow Target', அதாவது 'பெரிய, மெதுவான இலக்கு' என்று மாலுமிகளே கிண்டல் செய்தார்கள்.

எல்.எஸ்.டி-325-இன் கதையைப் பாருங்கள். பிலடெல்பியாவில் கட்டப்பட்டு 1943 பிப்ரவரியில் பணிக்கு வந்தது. அந்த ஆண்டே இத்தாலியில் சிசிலி, சலெர்னோ படையிறக்கங்கள். அடுத்த ஆண்டு பிரான்சின் நார்மண்டி. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட நடைகள். நார்மண்டியில் கடல் ஏற்றவற்றம் அதிகம். வற்றும்போது கப்பலை அப்படியே மணலில் விட்டுவிட்டு, காய்ந்த தரையில் சரக்கை இறக்கி, அடுத்த ஏற்றத்தில் மிதந்து கிளம்புவதும் அங்கே வழக்கமாயிற்று. 1944 டிசம்பரில், மூழ்கிக்கொண்டிருந்த எம்பயர் ஜாவலின் துருப்புக் கப்பலிலிருந்து சுமார் 700 பேரை மீட்க 325-உம் உதவியது.

போருக்குப் பின் கிரேக்கக் கடற்படை 1964-இல் இதைப் பெற்று, 'சைரோஸ்' என்று பெயரிட்டு 1999 வரை ஓட்டியது. பிறகு முன்னாள் அமெரிக்க மாலுமிகள் கிரேக்கத்துக்கே போய்ப் பழுதுபார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 70-ஐத் தாண்டியிருந்தது. அவர்களே கப்பலை ஓட்டி, 2001 ஜனவரியில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது இண்டியானாவின் எவன்ஸ்வில்லில் அருங்காட்சியகமாக நிற்கிறது. கடலே இல்லாத அந்த ஆற்றங்கரை ஊரில் போர்க்காலத்தில் 167 எல்.எஸ்.டி கப்பல்களைக் கட்டி, ஆற்று வழியாகவே கடலுக்கு அனுப்பினார்கள்.