வெள்ள எச்சரிக்கையை அழித்துவிடாதீர்கள், நிவாரணம் கேட்க அது வேண்டும்

கொள்ளிடக் கரையில் வெள்ளம் வர மழை பெய்ய வேண்டியதில்லை. ஆடி மாத வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும், ஆறு மட்டும் படுகைக்குள் ஏறிக்கொண்டிருக்கும். கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால் காவிரியின் உபரி நீரைத் திருச்சி அருகே முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத் திருப்பி விடுவார்கள். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தபோது மயிலாடுதுறை மாவட்டத்தின் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது.

இப்படி ஒரு வெள்ளத்தில் வாழைத் தோப்பைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவரோடு மனு கொடுக்கப் போயிருந்தேன். மனுவை வாங்கிப் பார்த்த அலுவலர் கேட்ட முதல் கேள்வி: "மழையே பெய்யலையே பெரியவரே, வெள்ள நிவாரணம்னு எப்படி எழுதி இருக்கீங்க?" அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மனுவை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். நானும் அன்று வாயடைத்துப்போய்த்தான் நின்றேன். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே முதலில் எழுதுகிறேன்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி கொடுக்க மத்திய அரசு இயற்கைச் சீற்றங்கள் சிலவற்றைப் பட்டியலிட்டிருக்கிறது. புயல், வறட்சி, நிலநடுக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் வெள்ளம் தனியாகவே இருக்கிறது. உங்கள் ஊரில் மழை பெய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆற்றில் வந்த வெள்ளமும் வெள்ளம்தான். ஆனால் இதை வாயால் சொன்னால் எடுபடாது. தண்ணீர் எந்தத் தேதியில், எவ்வளவு வந்தது என்று மனுவிலேயே எழுத வேண்டும். அதற்குத்தான் எச்சரிக்கைச் செய்தி.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்று நீர்மட்டத்தை அளந்து முன்னறிவிப்பு தருவது மத்திய நீர் ஆணையம். 1958-ல் டெல்லியில் யமுனையில் தொடங்கிய வேலை இது, காவிரியில் முசிறி, கொடுமுடி போன்ற இடங்களில் அவர்களுக்கு அளவு நிலையங்கள் இருக்கின்றன. அணையைத் திறப்பது மாநில நீர்வளத் துறை. மக்களுக்கு அறிவிப்பது மாவட்ட நிர்வாகம். மூன்று கை மாறித்தான் செய்தி உங்கள் தெருவுக்கு வருகிறது, சில சமயம் வராமலே போகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு, எங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்றார்கள் கரையோர மக்கள்.

அதனால் ஒலிபெருக்கி அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். நீர் ஆணையத்தின் 'ஃபிளட்வாட்ச் இந்தியா' செயலியில் அளவு நிலையத்தின் இன்றைய நீர்மட்டமும் அபாய அளவும் தெரியும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. கூப்பிடும்போது "மேட்டூரில் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். வழியில் பவானியும் அமராவதியும் சேர்கின்றன. கொள்ளிடக் கரைக்காரர் கேட்க வேண்டியது முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு எவ்வளவு பிரித்துவிடுகிறார்கள் என்பதை. வைகைக் கரைக்காரருக்கு வேலை இன்னும் எளிது. அணை 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவது வந்தபிறகு மாட்டை அவிழ்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

எச்சரிக்கைச் செய்தியில் எப்போதும் ஒரே வாசகம்தான் இருக்கும்: கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். எத்தனை கனஅடிக்கு உங்கள் வாசலில் தண்ணீர் ஏறும் என்று அதில் இருக்காது. எங்கள் பக்கத்தில் ஒரு அத்தை வீட்டுத் திண்ணைச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் அன்று சொன்ன கனஅடியையும் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை எண்ணைக் கேட்டதுமே எந்தப் படிவரை வரும் என்று சொல்லிவிடுகிறார். நீங்களும் எழுதி வையுங்கள்.

சரி, தண்ணீர் வந்துவிட்டது. செல்பேசிக்கு வந்த எச்சரிக்கையைப் படம் பிடித்துச் சேமியுங்கள். அன்றைய நாளிதழில் நீர்த்திறப்புச் செய்தி வந்த பக்கத்தை எடுத்து வையுங்கள். மனுவின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "இன்ன தேதியில் இத்தனை கனஅடி நீர் திறக்கப்பட்டதால் ஏற்பட்ட வெள்ளத்தில்..." அப்படி எழுதிக் கொடுத்த மனுவுக்கு மழையைப் பற்றிக் கேள்வி வந்து நான் பார்த்ததில்லை.

கணக்கெடுப்பில் பெயர் விடுபடுவது

நிவாரணம் போய்ச் சேராததற்கு நான் அதிகம் பார்த்த காரணம் ஒன்றுதான். கணக்கெடுக்க வந்த நேரத்தில் வீடு பூட்டியிருந்தது. முகாமுக்குப் போங்கள் என்று சொன்னதே அரசுதான். போனவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போவதும் அதே அரசின் ஊழியர்தான். முகாமுக்குப் போனால் அங்குள்ள பதிவேட்டில் குடும்பத்தினர் எல்லோர் பெயரும் ஏறியதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எந்தத் தெருவில் எப்போது வருகிறார் என்று விசாரித்து, அந்த நேரத்துக்கு ஒருவராவது வீட்டில் இருங்கள்.

அடுத்தது மண் சுவர். வெள்ளத்தில் ஊறிய சுவர் அன்றே விழாது. வெயில் பட்டுக் காயும்போது விரிசல் விட்டு, நாலைந்து நாள் கழித்து விழும். அதற்குள் கணக்கெடுப்பு முடிந்துவிடும். விழுந்த அன்றே படம் எடுத்து, தேதி போட்டு, தனி மனு கொடுங்கள். 2022 முதல் 2026 மார்ச் வரைக்கான மத்திய விதிப்படி குடிசைக்கு 8,000 ரூபாய். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமான பக்கா வீட்டுக்கு 6,500. 'பகுதி சேதம்' என்ற ஒரு சொல்லில் ஒரு லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது. உங்கள் வீட்டுக்கு நேராக என்ன எழுதினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தயங்கவே தயங்காதீர்கள்.

புறம்போக்கில் இருப்பவர்களிடம் பட்டா கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இடிந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்று விதியில் இருப்பது உண்மைதான். அதற்காக மனுவே கொடுக்காமல் வந்துவிடாதீர்கள். அந்த முகவரியில் உள்ள ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

ரேஷன் அட்டையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த பகுதிகளுக்கு 6,000 ரூபாய், மற்ற பகுதிகளுக்கு 1,000 ரூபாய் என்று பிரித்தார்கள். ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம் எல்லைக் கோட்டில் வந்தது. வேலைக்காக ஓர் ஊரில் குடியிருந்து அட்டையை மாமியார் ஊரிலேயே வைத்திருப்பவர்கள் இப்படிப் பிரிக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். ஆற்றோரம் குடியிருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள்.

பயிருக்கு வேறு மாதிரி

பயிர் 33 சதவீதமாவது சேதமாகியிருந்தால்தான் கணக்கில் வரும். மேலே சொன்ன மத்திய விதியில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, வாழை போன்றவற்றை எந்தப் பிரிவில் வைக்கிறார்கள் என்பதை அந்தந்த அரசாணையில் பார்க்க வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர். இதில் ஏமாற்றம் எங்கே வரும் என்றால், தண்ணீர் வடிந்ததும் நாற்று பச்சையாகவே தெரியும். வரப்பில் நின்று பார்ப்பவர் "தேறிடும்" என்று எழுதிவிடுவார். அவரை வயலில் இறக்குங்கள். நடுவயலில் ஒரு குத்தைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுங்கள். வேர் பழுத்து, கருத்து, அழுகல் வாடை அடிக்கும். அதைப் பார்த்தபிறகு தேறிவிடும் என்று எழுத யாருக்கும் கை வராது. மணல் மூன்று அங்குலத்துக்கு மேல் மேவிவிட்டால் அதை அகற்றத் தனி உதவி உண்டு, அதே விதியில் ஹெக்டேருக்கு 18,000, சிறு குறு விவசாயிகளுக்கு. இதைத் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் உண்டு.

குத்தகைக்காரர் உழுது நட்டிருப்பார், அடங்கல் என்ற கிராமச் சாகுபடிக் கணக்கில் நிலக்காரர் பெயர் இருக்கும். பணம் நிலக்காரர் கணக்குக்குப் போய்விடும். வெள்ளம் வந்தபிறகு இதைச் சரிசெய்வது பெரும்பாடு. நடவு முடிந்த கையோடு வி.ஏ.ஓ.விடம் சாகுபடிச் சான்று வாங்கி வையுங்கள். பயிர்க் காப்பீடு இருந்தால் அது தனி விண்ணப்பம், தனிக் கெடு. வி.ஏ.ஓ.விடம் சொன்னது காப்பீட்டுக்குச் சொன்னதாக ஆகாது.

ஆடு மாடு செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். மேலே சொன்ன மத்திய விதியில் கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. மனித உயிர் போனால் துக்கத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று உடனே அடக்கம் செய்துவிடுகிறார்கள். அந்த வலி புரிகிறது. ஆனால் காவல் நிலையப் பதிவும் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் வெள்ளத்தில் இறந்ததாக நிரூபிக்க முடியாமல் அலையும் குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருக்கும் உறவுக்காரர் யாராவது அந்த நேரத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் வி.ஏ.ஓ. "ஆர்.ஐ.யைப் பாருங்க" என்பார், ஆர்.ஐ. என்ற வருவாய் ஆய்வாளர் "தாசில்தார் ஆபீஸ்ல லிஸ்ட் போயிடுச்சு" என்பார், அங்கே போனால் "உங்க வி.ஏ.ஓ. கொடுத்ததுதான்" என்பார்கள். இந்த வட்டத்தில் கூலி வேலைக்காரர் மூன்று நாள் சம்பளத்தை இழக்கிறார். ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் பதியுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் கிராமத்தின் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த அரசாணையின்படி தொகை கொடுக்கிறார்கள் என்று அதன் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வரவில்லையா? வங்கிக் கணக்கைப் பாருங்கள். வருடக்கணக்கில் புழங்காத கணக்கும், ஒரு வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தபின் மாறிய கிளைக் குறியீடும் பணத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திரும்பிய பணத்துக்கு மறுபடி மனு எழுத வேண்டும். அந்த மனுவுக்கும் தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள்.