ஆச்சியின் 11 சென்ட்டும் அரசியலமைப்பின் 300ஏ-வும்

சனிக்கிழமை காலையில்தான் கிராமத்து வழக்குக் கட்சிக்காரர்கள் வருவார்கள். மற்ற நாளில் கோர்ட் வராந்தாவில் நின்றபடி பேசி முடிப்பதை அன்றைக்கு உட்கார்ந்து பேசலாம். பாளையங்கோட்டையில் என் வக்கீல் அலுவலகத்துக்கு அப்படி ஒரு சனிக்கிழமை, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மஞ்சப்பைக்குள் வீட்டுக்காரர் பேரில் பட்டா, மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த கிரயப் பத்திரம், ரப்பர் பேண்டு போட்ட தீர்வை ரசீதுக் கட்டு.

"அவிய இருக்கும்போது ரோட்டை அகலமாக்கணும்னு வந்தாவ. நாலு பனையை வெட்டிச் சாய்ச்சாவ. பணம் வரும்னாவ. அவிய போயே பதினெட்டு வருசம் ஆச்சு, பணம் வரல" என்றார். கொஞ்ச நேரம் ரசீதுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொத்து இப்பம் அடிப்படை உரிமை கெடையாதாம்லா? எங்கூர்ல படிச்ச பய ஒருத்தன் செல்லுல பாத்துச் சொல்லுதான். அரசாங்கம் நெனச்சா எடுத்துக்கிடலாமாம். நெசமாய்யா?" என்று கேட்டார்.

பையன் சொன்னதில் முன்பாதி சரி, பின்பாதி தப்பு. இந்த முன்பாதியை மட்டும் தெரிந்துகொண்டு நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது சொத்து அடிப்படை உரிமையாகத்தான் இருந்தது. சொத்து வாங்க, வைத்திருக்க, விற்க உறுப்பு 19(1)(எஃப்). அரசு எடுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்பதற்கு உறுப்பு 31. எழுதின மை காய்வதற்குள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவர்கள் அரை ஏக்கர்க்காரர்களா என்றால், கிடையாது. ஜமீன்தார்கள். பீகாரில் தர்பங்கா மகாராஜா போட்ட வழக்கில் 1951-ல் பாட்னா உயர் நீதிமன்றம் அந்த மாநில நிலச் சீர்திருத்தச் சட்டத்தையே செல்லாது என்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் நேரு அரசு முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து ஒன்பதாவது அட்டவணையை உண்டாக்கியது. அதில் சேர்க்கப்படும் சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி அடிக்க முடியாது. முதலில் அதில் 13 சட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்.

நம் சீமைக்கு அந்த ஒரு வரி என்ன செய்தது என்று எண்ணிப் பாருங்கள். எட்டயபுரம், சிங்கம்பட்டி, ஊத்துமலை என்று ஜமீன் பேர்களாலேயே அறியப்பட்ட மண் இது. ஜமீனுக்குக் கிஸ்தி கட்டிவந்தவர்கள் அரசுக்கு நேராகத் தீர்வை கட்டும் ரயத்துவாரிப் பட்டாதாரர் ஆனது அந்தச் சட்டத்தால். ஆகவே, சொத்துரிமையைக் குறைத்தது எல்லாமே அநியாயம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு ஒப்பவில்லை. ஆச்சியின் மாமனார் பேருக்குப் பட்டா வந்ததே அந்தக் குறைப்பினால்தான் இருக்கும்.

அதன்பின் கால் நூற்றாண்டு கோர்ட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மல்லுக்கட்டுதான். இழப்பீடு என்றால் சொத்தின் மதிப்புக்கு ஈடான தொகை என்று பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1953-ல் சொன்னது. தொகை போதுமா என்று கோர்ட் கேட்கக் கூடாது என்று 1955-ல் நான்காவது திருத்தம் வந்தது. 1964-ல் நம் மாநில நில உச்சவரம்புச் சட்டம் அடிபட்டது, அதே ஆண்டு 17-வது திருத்தம் அதைத் தூக்கி ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தது. அடிப்படை உரிமையை நாடாளுமன்றம் குறைக்கவே முடியாது என்று 1967-ல் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1971-ல் 25-வது திருத்தம், 'இழப்பீடு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு வெறும் 'தொகை' என்று போட்டது. 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில், எந்தத் திருத்தமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்றார்கள். காசர்கோடு பக்கம் எடநீர் மடத்து நிலத்தைக் காப்பாற்றப் போட்ட வழக்கு இன்று தேர்தல், நீதித்துறை, மதச்சார்பின்மை எல்லாவற்றுக்கும் காவலாக நிற்கிறது. மடத்து நிலம்தான் தப்பவில்லை.

கடைசியில் ஜனதா ஆட்சி. 44-வது திருத்தம் 19(1)(எஃப்)-ஐயும் 31-ஐயும் நீக்கியது. 1979 ஜூன் 20 முதல் சொத்து அடிப்படை உரிமை இல்லை. பையன் செல்லில் பார்த்தது இதுவரைக்கும்தான். அதே திருத்தம் 300ஏ என்ற புது உறுப்பைச் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று ஒரே வாக்கியம்.

அதில் 'சட்டம்' என்ற சொல்லைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சட்டம் என்றால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றியது. ஓர் அதிகாரியின் கடிதம் போதாது, ஒப்பந்ததாரர் கொண்டுவந்த ஜேசிபி போதாது, ஊர்ப் பெரியவர் கொடுத்த வாக்குப் போதாது. கே.டி. பிளான்டேஷன் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. 300ஏ-யில் பொது நோக்கம் என்ற சொல்லோ இழப்பீடு என்ற சொல்லோ இல்லாவிட்டாலும் இரண்டும் அதற்குள்ளே அடக்கம் என்றது. அடிப்படை உரிமை போனதால் நடைமுறையில் மாறியது ஒன்று: சொத்துக்காக மட்டும் உறுப்பு 32-ன் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு ஓட முடியாது. உயர் நீதிமன்றத்துக்கு உறுப்பு 226-ன் கீழ் போகலாம். 2004 ஜூலையிலிருந்து நமக்கு அது மதுரையிலேயே இருக்கிறது. நான் அறிந்தவரையில் டெல்லிக்கு டிக்கெட் எடுக்க முடியாமல் போனதற்காக எந்த நாங்குநேரி விவசாயியும் வருத்தப்பட்டதில்லை.

அரசியலமைப்பில் ஒரு மூலையில் கிடக்கும் இன்னொரு வரியையும் சொல்லிவிடுகிறேன், வக்கீல்களிலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். ஜமீன் ஒழிப்பைக் காக்க வந்த 31ஏ-க்கு 17-வது திருத்தம் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தது. உச்சவரம்புக்குள் சொந்தமாகப் பயிர் செய்கிறவரின் நிலத்தை, அந்த உறுப்பு சொல்லும் வகைச் சட்டத்தால் அரசு எடுத்தால், சந்தை விலைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பெரிய பண்ணைக்கு ஒரு நியாயம், உழுது தின்கிறவனுக்கு ஒரு நியாயம் என்று பிரித்துப் பார்த்த வரி அது. இன்றும் இருக்கிறது.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, அந்தப் புல எண்ணில் நில எடுப்பு நடந்ததா, அவார்டு (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு) நகல் உண்டா என்று கேட்டோம். 'ஆவணம் ஏதும் இல்லை' என்று பதில் வந்தது. எனக்கு அது போதும். நில எடுப்பே நடக்கவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது. புல வரைபடத்தில் எல்லை பழையபடி இருக்கிறது, பட்டாவில் பரப்புக் குறையவில்லை, தார் ரோடு மட்டும் நடுவே ஓடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ரோட்டுக்கு அடியில் கிடக்கும் 11 சென்ட்டுக்கும் சேர்த்துத்தான் ஆச்சி தீர்வை கட்டிவந்திருக்கிறார்.

மதுரையில் மனுப் போட்டோம். இருபது வருஷத்துக்கு மேல் ரோடு ஓடுகிறது, இனி அது எங்களுடையது என்று அரசுத் தரப்பில் பதில் மனு வந்தது. எதிரிடை அனுபவப் பாத்தியம் என்போம். பக்கத்துக் காட்டுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டு 12 வருஷம் அனுபவித்தால் சொல்லும் வாதம் அது. அரசு சொல்லலாமா? இமாச்சலப் பிரதேசத்தில் வித்யா தேவி என்ற எழுத்தறிவில்லாத விதவையின் நிலத்தை 1967-68-ல் ரோட்டுக்காக எடுத்துக்கொண்டார்கள், எந்த நடவடிக்கையும் இல்லாமல். அந்த வழக்கிலும் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள். மக்கள் நல அரசு தன் குடிமக்கள் நிலத்துக்கே எதிரிடைப் பாத்தியம் கேட்கக் கூடாது, சொத்துரிமை அரசியலமைப்பு உரிமையும் மனித உரிமையும் ஆகும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காலதாமதத்தையும் காரணமாக ஏற்கவில்லை. ஆனாலும் தாமதத்தைக் காட்டித் தள்ளுபடியான மனுக்களும் உண்டு. ஆகவே யாராவது கல் நட்ட அன்றைக்கே எழுத்தில் ஓர் ஆட்சேபனை கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள்.

2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் விளக்கமாகவே சொல்லிவிட்டது. 300ஏ-க்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருக்கின்றன: முன்னறிவிப்பு வேண்டும், ஆட்சேபனையைக் கேட்க வேண்டும், காரணத்தோடு முடிவு தர வேண்டும், பொது நோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு வேண்டும், நடவடிக்கை இழுத்தடிக்காமல் நடக்க வேண்டும், அதற்கு ஒரு முடிவும் வர வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது என் தப்பு. தொழிலுக்கு வந்த புதிது இல்லை, பத்து வருஷம் ஆன பிறகு நடந்தது. கால்வாய்த் திட்டம் ஒன்றில் நிலம் போன அண்ணாச்சி ஒருவர் போன் பண்ணினார். பணத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா என்றார். நான் வேறொரு கோர்ட்டில் சாட்சி விசாரணையில் இருந்தேன். "வாங்கிக்கோங்க அண்ணாச்சி, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம் பார்க்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி, தொகை போதாது என்று எதிர்ப்புத் தெரிவித்து வாங்கினால்தான் கூடுதல் கேட்டு 64-வது பிரிவில் மனுப் போடலாம். ரசீதில் கையெழுத்துக்கு மேலே 'தொகை போதாது என்ற ஆட்சேபனையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்தது. பேனாவும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

எழுதியிருந்தாலும் கெடு உண்டு. அவார்டின்போது நேரில் இருந்தவருக்கு 6 வாரம். முதற்கட்ட அறிவிக்கை வந்ததும் ஆட்சேபனை சொல்ல 60 நாள். அந்த அண்ணாச்சிக்கு இப்போது மிச்சம் இருப்பது 73-வது பிரிவு. அதே அறிவிக்கையில் நிலம் போன இன்னொருவர் வழக்குப் போட்டுக் கூடுதல் தொகை வாங்கினால், அந்த உத்தரவு வந்த 3 மாதத்துக்குள், மனுப் போடாமல் விட்டவரும் தனக்கும் அதே கணக்கைக் கேட்கலாம். ஆகவே பக்கத்து வயல்காரர் வழக்கு எப்போது முடியும் என்று நாங்கள் இரண்டு பேரும் காத்திருக்கிறோம். அவர் என்னை இன்னும் மாற்றவில்லை. அது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸின் முதல் பத்தியிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் பணம் எவ்வளவு என்று யாரும் கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டாம். நால்வழிச் சாலை என்றால் 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம். அதில் ஆட்சேபனைக்கு 21 நாள்தான், தொகைத் தகராறு நடுவரிடம் போகும். அந்தச் சட்டத்தில் 1997-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, நிலம் இழந்தவருக்கு ஆறுதல் தொகையும் (கட்டாயமாக எடுப்பதற்காக விலைக்கு மேல் தருவது) வட்டியும் கிடையாது என்று ஆக்கியிருந்தார்கள். கால்வாய்க்கு எடுத்தால் உண்டு, ஹைவேஸுக்கு எடுத்தால் இல்லை. பக்கத்துப் பக்கத்து மண்ணுக்கு இப்படி இரண்டு நியாயமா என்று கேட்டு, சமத்துவம் பேசும் உறுப்பு 14-ஐ வைத்து 2019-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்தது. இதில் நமக்கு ஒரு பழைய பெருமை உண்டு. வீட்டு வசதிக்கு எடுத்தால் மட்டும் குறைவாகக் கொடுக்கலாம் என்ற சென்னை மாநிலத் திருத்தத்தை வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964-லேயே இதே உறுப்பு 14-தான் வீழ்த்தியது.

மாநில நெடுஞ்சாலை, சிப்காட் தொழிற்பேட்டை என்றால் கதை வேறு. 2013 சட்டத்தில் 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நிலம் எடுக்கும் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கியது தமிழ்நாடு. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே மாதம் சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றி மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. மாநில உரிமை என்ற வகையில் எனக்கு அதில் சந்தோஷம். சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த கட்சிக்காரரிடம் அந்தச் சந்தோஷத்தை நான் காட்டிக்கொள்வதில்லை.

300ஏ எல்லாருக்கும் கைகொடுக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலை மலையில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் பேரில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. அவர்களுக்குச் சொத்துரிமை பேசி என்ன செய்ய? வாழ்வாதாரமும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று உறுப்பு 21-ஐ விரித்துப் பார்த்த 1985-ஆம் ஆண்டு ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை வைத்துத்தான் வாதாட வேண்டும். அது தனிக் கட்டுரை.

ஆச்சிக்கு மதுரையில் உத்தரவு கிடைத்தது. 12 வாரத்துக்குள் அளந்து, சட்டப்படி இழப்பீடு கணக்கிட வேண்டும். ஒன்பதாவது வாரம் சர்வேயர் வந்தார், நானும் போயிருந்தேன். ரோட்டோரம் ஆச்சி முன்னால் நடந்து, "இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு" என்று வெட்டிப்போன பனை நின்ற இடங்களைக் காலால் கோடு கிழித்துக் காட்டிக்கொண்டே போனார். சர்வேயர் டேப்பைச் சுருட்டிவிட்டு, "பத்தே முக்கால் சென்ட் வருது ஆச்சி" என்றார்.

"பத்திரத்துல பதினொண்ணுலா இருக்கு. அந்தக் கால் சென்ட் எங்கய்யா போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் புல வரைபடத்தைப் பார்த்தேன். மறு அளவை கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை தாக்கல் செய்ய வேண்டும்.