கடைசிப் பாட்டு யாருக்கு? ஓர் இசை விழாவை ஆள்பவர்கள் முடிவெடுக்கும் விதம்

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு மைதானத்தில் இசை விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாயந்திரம் ஆறு மணிக்குத் தொடக்கம். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும், சட்டம் அப்படி. ஆக, கையில் இருப்பது 240 நிமிடம். ஒரு குழுவுக்கு அரை மணி நேரம், மேடையைக் காலி செய்து அடுத்தவர்கள் மைக்கைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஆறு குழுக்களுக்குத்தான் இடம். மேடையேறக் காத்திருப்பவர்களோ ஏராளம். புளியந்தோப்பின் கானா பாடகர்கள், பறைக் குழுக்கள், காசிமேட்டில் ராப் எழுதும் பையன்கள், பெரம்பூரின் பேண்ட் குழுக்கள். அதிலும் கூட்டம் நிரம்பி நிற்கும் கடைசி இடம் எல்லாருக்குமே வேண்டும். "அண்ணா, கடைசி ஸ்லாட் நம்ம பசங்களுக்குக் குடுங்கணா" என்று செயலாளருக்கு நாலு பக்கமிருந்தும் போன் வரும்.

கமிட்டி கூடி ஓட்டெடுத்தால் முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஓட்டெடுப்பில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த கணித அறிஞர் கோண்டோர்செ அதை 1785-லேயே எடுத்துக்காட்டினார். நம் விழாவை வைத்தே பார்ப்போம். கமிட்டியில் மூன்று பேர். முதலாமவருக்குக் கடைசி இடத்தில் கானா வேண்டும், அது இல்லையென்றால் பறை, அதுவும் இல்லையென்றால்தான் பேண்ட். இரண்டாமவருக்கு முதலில் பறை, அப்புறம் பேண்ட், கடைசியில் கானா. மூன்றாமவருக்கு பேண்ட், அடுத்து கானா, பிறகு பறை. இப்போது இரண்டிரண்டாக மோதவிட்டுப் பாருங்கள். கானாவா பறையா என்றால் முதலாமவரும் மூன்றாமவரும் கானா பக்கம். பறையா பேண்டா என்றால் முதல் இருவரும் பறை பக்கம். அப்படியானால் கானா பேண்டையும் வென்றிருக்க வேண்டுமல்லவா? இல்லை. பேண்டா கானாவா என்று கேட்டால் இரண்டாமவரும் மூன்றாமவரும் பேண்டுக்குக் கை தூக்குகிறார்கள். மூன்று பேருமே தெளிவாகத்தான் யோசித்தார்கள், யாரும் குழம்பவில்லை. ஆனால் அவர்களைச் சேர்த்து வைத்தால் கிடைக்கும் பெரும்பான்மை வட்டமாகச் சுற்றுகிறது.

இங்கேதான் தலைவரின் நாற்காலிக்கு உண்மையான பலம் வருகிறது. கடைசியில் கானாதான் வர வேண்டும் என்று தலைவர் நினைத்தால், பறையையும் பேண்டையும் முதலில் மோதவிட்டால் போதும். பறை ஜெயிக்கும், அடுத்து கானாவிடம் தோற்கும். பேண்ட் வேண்டுமென்றால் கானாவையும் பறையையும் முதலில் மோதவிட வேண்டும். பறை வேண்டுமென்றாலும் அதற்கொரு வரிசை இருக்கிறது. ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு கள்ள ஓட்டும் போடாமல், எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவை நினைத்த பக்கம் திருப்பிவிடலாம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகளைத் தரவரிசைப்படுத்தும்போது, நியாயமான சில எளிய நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் வாக்களிப்பு முறை இருக்கவே முடியாது என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1951-ல் நிறுவினார். ஒரு விழாக் கமிட்டியில் நான் முதலில் கேட்க நினைப்பது இதைத்தான்: கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எழுதுவது யார்?

இந்தச் சிக்கலைச் சமகால இசை விழாக்கள் வெவ்வேறு விதமாகக் கையாண்டிருக்கின்றன. போலந்தில் 1956-ல் தொடங்கிய 'வார்சா இலையுதிர்காலம்' விழாவை அந்த நாட்டு இசையமைப்பாளர்கள் சங்கம் நடத்துகிறது. என்னென்ன இசைக்கப்பட வேண்டும் என்பதை ஒரு நிகழ்ச்சிக் குழு கூடித் தீர்மானிக்கும். அரசு பணம் கொடுத்த கம்யூனிஸ்ட் காலத்திலும், இசைஞர்களே உட்கார்ந்து தேர்ந்தெடுத்ததால்தான் மேற்கத்தியப் புதிய இசைக்கு அங்கே இடம் கிடைத்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் 1978-ல் தொடங்கிய சமகால இசை விழா வேறு வழியில் போனது. தேர்வு முழுக்க ஒரு கலை இயக்குநரின் கையில். அதை நிறுவிய ரிச்சர்ட் ஸ்டைனிட்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்கு மேலே அறங்காவலர் குழு ஒன்று உண்டு. எந்தப் பாட்டு என்று அது சொல்லாது. பணம் எவ்வளவு, இயக்குநராக யார், எத்தனை காலம் என்பவை அதன் வேலை.

எனக்கு இரண்டாவது முறைதான் சரியாகப்படுகிறது, ஒரு நிபந்தனையோடு. ஒருவரே தேர்ந்தெடுக்கும்போது வட்டச் சிக்கல் வராது, விழாவுக்கு ஒரு முகமும் கிடைக்கும். ஆனால் பாட்டுக்காரரைக் கூப்பிடும் ஆளும் அவருக்குச் செக் எழுதும் ஆளும் ஒருவராகவே இருந்தால் விழா சீக்கிரம் அவருடைய சொந்த விசேஷமாகிவிடும். அதனால்தான் பல கலை அமைப்புகளில் இரட்டைத் தலைமை வைக்கிறார்கள். கலை இயக்குநர் 'இவர் வேண்டும்' என்பார். நிர்வாக இயக்குநர் 'இவ்வளவுதான் இருக்கிறது' என்பார். இருவருக்கும் நடுவே வருகிற உரசல் அந்த அமைப்பிலேயே திட்டமிட்டு வைக்கப்பட்டது. நம் ஊர்ச் சங்கங்களில் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியும் என்று விதி எழுதுவது இதே காரணத்துக்காகத்தான்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு குழு தன்னைப் பதிவு செய்ய நினைத்தால் 1975-ம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும், அவர்களிலிருந்து ஒரு நிர்வாகக் குழு, ஆண்டுதோறும் பொதுக்குழு, தாக்கல் செய்ய வரவு செலவுக் கணக்கு. ஆளைச் சேர்த்துக்கொண்டே போவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏழு பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 21 வழிகள். பதினைந்து பேராக்கினால் 105. ஆள் இரண்டு மடங்குதான் ஆகிறது, பேச்சுவார்த்தை ஐந்து மடங்கு. ஏரியாவுக்கு ஒருவர், கட்சிக்கு ஒருவர் என்று கமிட்டியைப் பெருக்கும் விழாக்களில் போஸ்டர் அச்சுக்குப் போவதற்கே இழுபறியாவது இதனால்தான்.

பதிவு, சட்டம் எல்லாவற்றுக்கும் முன்பே விழா நடத்தும் கலையை வடசென்னை கடற்கரை அறிந்திருக்கிறது. மீனவர் குடியிருப்புகளில் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயம், வசூலுக்கு ரசீது, திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிப்பு. மைக் செட்டுக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு, மேளக்காரர்களுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் படிக்கும்போது யாரும் குறுக்கே கேட்கலாம். "ஜெனரேட்டருக்கு டீசல் இவ்ளோ ஆச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். பொதுச்சொத்தை மக்களே ஆள்வது எப்படி என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்டகாலம் நிலைக்கும் அமைப்புகளில் பொதுவாகக் கண்ட இயல்புகள் சில: விதியால் பாதிக்கப்படுபவர்களுக்கு விதியை மாற்றும் பேச்சில் இடம் இருக்கும். கண்காணிப்பவர் அந்த மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார். தவறுக்குத் தண்டனை படிப்படியாகக் கூடும். சண்டையைத் தீர்க்க அதிகச் செலவில்லாத இடம் பக்கத்திலேயே இருக்கும். கணக்கு வாசிக்கும் ஊர்க்கூட்டத்தில் இவற்றில் பாதிக்கு மேல் இருக்கிறது.

இன்னும் கொஞ்சம் வடக்கே, பழவேற்காடு ஏரியில், கடைசி ஸ்லாட் பிரச்சினைக்கே ஒரு பழைய விடை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்கள் அங்கே சிலதான். அவற்றில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துச் சுழற்றும் ஏற்பாட்டுக்குப் பாடு முறை என்று பெயர். நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு நாள் வரும், மோசமான இடமும் வரும். கடைசி மேடையையும் இப்படிச் சுழற்றலாம். இந்த ஆண்டு கானா, அடுத்த ஆண்டு பறை, அதற்கடுத்து பேண்ட். ஓட்டும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். ஆனால் அந்த ஏற்பாட்டின் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முறையில் பெயர் உள்ளவர்களுக்குள் அது நியாயமானது. யாருக்குப் பெயர் உண்டு என்பதைச் சாதியும் ஊரும் தீர்மானிப்பதால், வெளியே நிற்பவருக்கு அது மூடிய கதவு. முறைவைப்பு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி அதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

சென்னையின் இசை வரலாற்றில் இது பல முறை நடந்தது. மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடமில்லை என்று எழுந்த தமிழிசை இயக்கம், 1943-ல் தமிழ் இசைச் சங்கமாகத் தனி அமைப்பு கண்டது. பாரிமுனைக்குப் பக்கத்தில் நிற்கும் ராஜா அண்ணாமலை மன்றம் அதன் மேடை. கானாவுக்கு அந்த வாய்ப்பும் வரவில்லை. சாவு வீட்டிலும் தெருவிலும் பாடப்பட்ட அந்த இசைக்கு மார்கழியில் மேடை வேண்டும் என்று நீலம் பண்பாட்டு மையம் 2020-ல் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. தேர்வு செய்யும் நாற்காலியில் வேறு ஆட்கள் உட்கார்ந்ததும் எது இசை என்ற வரையறையே நகர்ந்தது. குரல்களும் பாட்டுகளும் முன்பே இருந்தவைதான்.

நாற்காலியில் இருப்பவர்களிடம் இன்னோர் அதிகாரமும் உண்டு, நிறுத்தும் அதிகாரம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். விழா நடக்கும் பொது இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10 வரை போகலாம், அதாவது 65. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 10 மீட்டரில் 95 டெசிபல் என்றால் 20 மீட்டரில் 89, 40 மீட்டரில் 83. 65-ஐத் தொட 320 மீட்டர் போக வேண்டும். புளியந்தோப்பில் அவ்வளவு பெரிய மைதானம் எங்கே இருக்கிறது? சுவர்கள் நெருங்கிய சந்துகளில் ஒலி எதிரொலித்து இன்னும் மெதுவாகத்தான் குறையும். கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும் வீடு முதல் வரிசைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதனால் ஒரு பெரிய ஸ்பீக்கர் அடுக்குக்குப் பதில் சிறிய ஸ்பீக்கர்களைக் கூட்டத்துக்குள் பரப்பி, கீழ்நோக்கித் திருப்பி வைக்கச் சொல்லும் உரிமை ஒருவருக்கு இருக்க வேண்டும். கூட்டத்தைக் கவனிக்கவும் அதே போல ஒருவர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் மனிதர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நடக்க முடியாது, கூட்டம்தான் அவர்களை நகர்த்தும். அந்த நேரத்தில் கமிட்டியைக் கூட்டி ஓட்டெடுக்க முடியாது. பாதுகாப்புப் பொறுப்பாளர் கை காட்டினால் பாட்டு நிற்க வேண்டும், பாடுவது எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். யாரைக் கூப்பிடுவது என்பதைப் பொறுமையாக முடிவு செய்யலாம். எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்த அமைப்பும் காலப்போக்கில் சிலர் கைக்குள் சுருங்கும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸ் 1911-லேயே எழுதினார். காரணம் பேராசை மட்டுமல்ல. போலீஸ் அனுமதி எங்கே வாங்குவது, மைதானத்துக்கு யாரிடம் எழுதிக் கொடுப்பது, எந்த சவுண்ட் சர்வீஸ் நம்பகமானது என்ற விஷயமெல்லாம் அனுபவப்பட்ட இரண்டு மூன்று பேரின் தலைக்குள் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் இல்லாமல் விழா நடக்காது, அதனால் அவர்களை மாற்றவும் முடியாது. இதைத் தடுக்கப் பல அமைப்புகள் பதவிக்காலத்தைப் பிரித்து வைக்கின்றன. ஒன்பது பேர் கொண்ட குழு, ஆளுக்கு மூன்று ஆண்டு, ஆண்டுக்கு மூவர் விலகி மூவர் சேர்வார்கள். எந்த ஆண்டிலும் ஆறு பேருக்குப் பழைய கதை தெரிந்திருக்கும், மூன்று பேர் புதுக் கேள்வி கேட்பார்கள். குழு உறுப்பினரின் மச்சானோ மகளோ பாட விண்ணப்பித்தால், அந்தப் பேச்சு நடக்கும்போது அவர் அறையை விட்டு வெளியே போய்விடுவார், போனது கூட்டக் குறிப்பில் பதிவாகும்.

வடசென்னையில் இன்று ஒரு விழாக் குழுவை அமைப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஒன்பது நாற்காலிகளில் குறைந்தது இரண்டு, ஏரியாவில் பாடி வாசிப்பவர்களுக்குப் போகட்டும், அதில் ஒன்று கட்டாயம் ஒரு பெண்ணுக்கு. ராயபுரத்தின் இசைவாணி கானா பாடி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவரைப் போன்றவர்களை மேடைக்கு அழைக்கும் நாம், தேர்வு செய்யும் அறைக்கும் அழைக்க வேண்டும். இன்னொரு நாற்காலி மைதானத்தை ஒட்டிக் குடியிருப்பவருக்கு. விழா முடிந்த அடுத்த வாரமே, கலந்துகொண்ட எல்லாரையும் கூப்பிட்டு, மைக் செட்டிலிருந்து டீசல் வரை ஒவ்வொரு வரியாகக் கணக்கை வாசிக்க வேண்டும்.