ஓசூரில் சிவப்பு, தர்மபுரியில் பச்சை

தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் ஓசூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் எச்செவேரியா வாங்கினேன். இலை ஓரமெல்லாம் ரோஸ் நிறம். வீட்டு சிட்-அவுட்டில் வைத்து, ஒருநாள் விடாமல் தண்ணீர் ஊற்றினேன். ஏப்ரலுக்குள் முழுப் பச்சையாகிவிட்டது. சாயம் அடித்து ஏமாற்றிவிட்டார்களா?"

இல்லைங்க. நீங்கள் நன்றாகக் கவனித்துக்கொண்டதுதான் காரணம்.

பெயின்ட் அடித்த சக்குலன்ட்களும் (எச்செவேரியா போல, தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் செடிகள்) சந்தையில் உண்டுதான், ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். பெயின்ட் என்றால், நிழல் வெயில் என்று பார்க்காமல் அப்பியிருக்கும். நடுவில் புதிதாக வரும் இலை மட்டும் பச்சையாகத் துளிர்க்கும். தானாகச் சிவந்த செடியில் ஒரு மேல் இலையை மெல்ல விலக்கிப் பாருங்கள். அதன் நிழல் விழுந்த இடம், கீழ் இலையில் பச்சையாகவே இருக்கும். நிழல் முடிகிற இடத்தில் சிவப்பு தொடங்கும். அந்த இலையைக் கிள்ளிப் பார்த்தால் சிவப்பு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும், உள்ளே பச்சைதான். (விரலில் வெள்ளையாக ஒட்டுவது சாயம் அல்ல, மெழுகுப் பொடி. அதைத் துடைக்காதீர்கள்.)

பச்சையம் ஒளியை வாங்கி, அந்த ஆற்றலில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாவது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். வாயு உள்ளே வர இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். வறண்ட நிலத்துச் செடிக்கு இது கட்டுப்படியாகாது. அதனால் எச்செவேரியா, ரணகள்ளி போன்றவை துளைகளை ராத்திரியில் திறந்து, வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லுக்குள் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அமிலத்தை உடைத்து வாயுவை எடுத்துப் பயன்படுத்துகின்றன.

இதை நாக்கால் கண்டுகொண்டவர் பெஞ்சமின் ஹெய்ன். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர். பக்கத்துப் பெங்களூரின் லால்பாக் தோட்டத்தையும் ஒரு காலத்தில் கவனித்துக்கொண்டவர். பிள்ளைகள் 'குட்டி போடும்' என்று நோட்டுக்குள் இலையை வைத்து விளையாடுவார்களே, அந்த ரணகள்ளியைத்தான் அவர் மென்று பார்த்தார். விடியற்காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதியது 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. (நீங்கள் மெல்ல வேண்டாம், இதயத்தைப் பாதிக்கும் நச்சு அதில் உண்டு.) மானாவாரி நிலம் நிறைந்த நம் மாவட்டங்களுக்கு இந்த ராத்திரி வேலைக்காரச் செடிகளைவிட உருப்படியான ஆய்வுப் பொருள் இருக்க முடியாது என்பது என் எண்ணம். உள்ளூர்க் கல்லூரிகளில் இதற்குப் பணம் கேட்டால் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

சரி, அந்த நண்பகல் இலைக்கு வருவோம். புளிப்பு போய்விட்டது என்றால் அமில இருப்பு கரைந்துவிட்டது என்று பொருள். வெயிலோ இன்னும் கொளுத்துகிறது. மாம்பழ சீசனில் ஒரு கிருஷ்ணகிரி கூழ் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இயந்திரம் நின்றுவிட்டது, வாசலில் லோடு வந்துகொண்டே இருக்கிறது. இலையிலும் அப்படித்தான்: பச்சையம் வாங்கிய ஆற்றல் போக இடமில்லாமல் ஆக்சிஜன் மேல் பாய்கிறது. அப்படி உருவாகும் வீரியமான ஆக்சிஜன் வடிவங்கள் பச்சையம் இருக்கும் சவ்வையே சிதைத்துவிடும்.

இலை முதலில் செய்வது, சில மஞ்சள் நிறமிகளை நிமிடக் கணக்கில் உருமாற்றி, மிகுதி ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுவது. இது கண்ணுக்குத் தெரியாது. நெருக்கடி நாள்கணக்கில் நீடித்தால்தான் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி தயாராகிறது. பச்சை ஒளியில் கணிசமான பங்கைத் தோலிலேயே பிடித்துக்கொண்டு, உள்ளே போகும் சுமையைக் குறைக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்தோ குளிர்ந்தோ வளர்ச்சி மட்டுப்பட்டு, செலவாகாமல் இலையில் தேங்கும் சர்க்கரையே இந்த நிறமியைச் செய்யத் தூண்டுகிறது. அதே சர்க்கரை நிறமியின் மூலக்கூறிலும் ஓர் அங்கமாக ஒட்டிக்கொள்கிறது.

குளிர் எங்கே வருகிறது? பச்சையம் ஒளியை வாங்க வெப்பநிலை ஒரு பொருட்டல்ல. சர்க்கரை செய்யும் நொதிகளுக்கோ, குளிர்ந்தால் வேகம் குறைந்துவிடும். அதனால் குளிரும் நல்ல வெயிலும் சேர்ந்தால், அதே வெயிலே மிகுதியாகிவிடுகிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதி. ஓசூரின் தை மாதத்துப் பனியும் பகல் வெயிலும் கொடுத்த சிவப்பை, தர்மபுரி சிட்-அவுட் நிழலும் தினசரித் தண்ணீரும் அழித்துவிட்டன.

எல்லாச் சிவப்பும் ஆந்தோசயனின் அல்ல. சோற்றுக்கற்றாழை வெயிலில் செம்பழுப்பாவது ரோடோசாந்தின் என்ற, கேரட் நிறமியின் உறவுக்காரரால். சப்பாத்திக்கள்ளிப் பழம் நாக்கைச் சிவக்க வைப்பது பீட்டலைன். பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருப்பது அதுதான். பீட்டலைன் உள்ள செடியில் ஆந்தோசயனின் இருக்காது. மாமரத்தின் செந்தளிரில் இருப்பது மறுபடி ஆந்தோசயனின்.

வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை சிவந்தால், திருஷ்டியை இழுத்துக்கொண்டது என்பார்கள். பாவம், அது இழுத்துக்கொண்டது வெயிலை மட்டும்தான். வேரில்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பதும் இலையில் சேர்த்த தண்ணீராலும், பகலில் மட்டுமின்றி ராத்திரியிலும் துளையை மூடிவைக்கும் திறமையாலும்.

வாசகிக்கு: மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். தொட்டியைக் காலை வெயில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். நிறத்துக்கு ஆசைப்பட்டுச் சித்திரை மத்தியான வெயிலில் திடீரென்று வைத்துவிடாதீர்கள். இலை சிவப்பதற்குள் வெந்துவிடும். வெந்த இடம் வெளுத்துக் காய்ந்து தழும்பாகிவிடும், அந்த இலை உதிரும் வரை மாறாது. மார்கழி வரட்டும்.