எல்லைப்புறத்தில் செக் திரும்பினால்: எந்தக் கோர்ட், எவ்வளவு கட்டணம்?

கேரளத்தில் செக் திரும்பிய வழக்குக்கு முன்பு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 2024 பட்ஜெட்டில் அது மாறிவிட்டது. இப்போது செக் தொகை 10,000 ரூபாய் வரை என்றால் கட்டணம் 250 ரூபாய். அதற்கு மேல் போனால் தொகையில் 5 சதவீதம், உச்சவரம்பு 3 லட்சம். 2 லட்ச ரூபாய் செக்குக்குக் கட்டணம் 10,000 ரூபாய். 60 லட்சத்தில் உச்சவரம்பு வந்துவிடுகிறது; அதற்கு மேல் எவ்வளவு பெரிய செக்கானாலும் 3 லட்சம்தான். குடும்ப நீதிமன்றச் சொத்து வழக்குகளுக்கும் அதே பட்ஜெட்டில் கட்டணம் கூடியது.

கோர்ட் செலவு ஏறிவிட்டது, கட்டணம் அப்படியே கிடக்கிறது என்பது உயர்த்தும்போது அரசு சொல்லும் காரணம். ஆனால் நீங்கள் கட்டும் பணம் மாநிலக் கஜானாவுக்குத்தான் போகிறது. பாலக்காடு மாவட்டச் சித்தூர் கோர்ட்டில் கட்டினால் அந்தக் கோர்ட்டுக்கே நாற்காலி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கட்டணத்துக்கும் நீதி வழங்கும் செலவுக்கும் பொதுவான ஒரு தொடர்பாவது இருக்க வேண்டும் என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏமாந்தவனிடமே முன்கூட்டி 5 சதவீதம் வாங்குவது அந்த அளவுகோலுக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானதுதான்.

தமிழ்நாட்டில் இந்த வழக்குகளுக்குத் தொகையை வைத்துச் சதவீதம் கணக்கிடுவதில்லை. அதனால் கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வாளையார், குமுளி வியாபாரிகள் முதலில் பார்க்க வேண்டியது வழக்கு எந்த மாநிலத்தில் விழும் என்பதை. செக் எழுதியவர் ஊரோ, சரக்கு கைமாறிய இடமோ அதைத் தீர்மானிப்பதில்லை. செக் வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2015-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு விதி இதுதான்: செக்கை உங்கள் கணக்கில் கலெக்‌ஷனுக்குப் போட்டால், அந்தக் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்.

பலர் சறுக்குவது இங்கேதான். கணக்கு சித்தூரில் இருக்க, செக்கை அதே வங்கியின் பொள்ளாச்சி கிளையில் கொடுத்தாலும், சித்தூரில் கொடுத்ததாகவே சட்டம் கொள்ளும். எந்தக் கவுண்டரில் நீட்டினீர்கள் என்பது கணக்கில் வராது. இரண்டு பக்கமும் உண்மையான கணக்கு வைத்திருப்பவர், செக்கைப் போடும் முன்பே எதில் போடுவது என்று யோசித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. கணக்கில் போடாமல், எழுதியவருடைய வங்கியில் நேராகப் பணமாக்கப் போய்த் திரும்பினால், அவர் கணக்கு இருக்கும் கிளையின் கோர்ட்தான்.

கெடுக்கள் இரு மாநிலத்துக்கும் ஒன்றே. செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் செக் எழுதியவருக்கு அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். பெரிய செக்கானால் கட்டணப் பணத்தை நோட்டீஸ் அனுப்பும் நாளிலேயே ஒதுக்கி வையுங்கள். கடைசி வாரத்தில் பணம் தேடி அலைந்து கெடுவைத் தவறவிட்டால், தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வேண்டிவரும்.

கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்குத் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. தேவிகுளம், பீர்மேடு பக்கத் தோட்டத் தொழிலாளர்கள் 'தொழிலாளர்' என்ற பிரிவிலும் கேட்டுப் பார்க்கலாம். உதவி என்பது வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் சேர்ந்ததுதான். இந்த விண்ணப்பத்தையும் நோட்டீஸ் காலத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகும் முன்பே, சமரசம் பேசித் தீர்க்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) மனுக் கொடுத்தால் கட்டணமே இல்லை. ஆனால் அங்கே பேச்சு இழுத்துக்கொண்டு போவதால் மேலே சொன்ன கெடு தானாக நிற்காது. வழக்குப் போட்டபின் சமரசம் ஆனால், கட்டிய 5 சதவீதத்தையும் சேர்த்துத்தான் தொகை பேச வேண்டும். ஒப்பந்தத்தில் அதைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.