கடலுக்குள் இறங்கும் மானியம்: மீன்பிடி குறித்த உலக வர்த்தக விதிகள் எப்படி மாறுகின்றன

ஓர் அரசு தன் நாட்டு எஃகு ஆலைக்குப் பணம் கொடுக்கிறது. அந்த ஆலையின் எஃகு மலிவாகி வேறொரு நாட்டுச் சந்தையில் குவிகிறது. அங்குள்ள ஆலைகள் நொடித்துப்போகின்றன. 1995-இல் உலக வர்த்தக அமைப்புடன் சேர்ந்து நடைமுறைக்கு வந்த மானிய ஒப்பந்தம் இத்தகைய சேதத்தை அளப்பதற்காகவே எழுதப்பட்டது. அரசிடமிருந்து நிதியுதவி போனதா, அதனால் பெற்றவருக்கு ஆதாயம் கிடைத்ததா, அது குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு மட்டும் உரியதா, அதனால் இன்னொரு நாட்டின் தொழில் பாதிக்கப்பட்டதா என்று அது வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், பாதிக்கப்பட்ட நாடு அந்தப் பொருளின் மீது கூடுதல் இறக்குமதி வரி விதித்து ஈடுகட்டிக்கொள்ளலாம்.

மீன்பிடித் தொழிலில் இந்த ஏற்பாடு பலன் தரவில்லை. அங்கே மானியத்தின் முதல் சேதம் சந்தையில் தெரிவதில்லை, கடலுக்குள் நிகழ்கிறது. ஒரு நாட்டின் கப்பல்கள் அரசுப் பணத்தின் துணையோடு, எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத பொதுக்கடலில் மீனை வாரிக்கொண்டு போய்த் தம் நாட்டிலேயே விற்றுவிட்டால், எந்தத் துறைமுகத்திலும் யாரும் வரி விதிக்க முடியாது. விதித்தாலும் போன மீன் திரும்பப் போவதில்லை.

அந்தச் சேதம் எப்படி நிகழ்கிறது என்பதை 1954-இல் இருவர் தனித்தனியே விளக்கினர். மில்னர் ஷேஃபர் என்ற மீன்வள அறிவியலாளர், ஒரு மீன் கூட்டத்தின் வளர்ச்சி அதன் அளவைப் பொறுத்தது என்பதைக் கணித வடிவில் காட்டினார். மீன் மிகக் குறைவாக இருந்தால் முட்டையிடும் தாய்மீன்களும் குறைவு. கடல் தாங்கக்கூடிய உச்ச அளவுக்குப் பெருகிவிட்டால் இரைக்கும் இடத்துக்கும் போட்டி கூடி வளர்ச்சி நின்றுவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, அவருடைய எளிய மாதிரியின்படி உச்ச அளவில் பாதி இருக்கும்போது, ஆண்டுதோறும் சேரும் புதிய மீன் மிக அதிகம். அந்தச் சேர்மானத்தை மட்டும் பிடித்துவந்தால் கூட்டம் குறையாது.

எச். ஸ்காட் கார்டன் என்ற பொருளாதார அறிஞர் இதனுடன் மீனவரின் வரவுசெலவைச் சேர்த்துப் பார்த்தார். கட்டுப்பாடில்லாத கடலில் இலாபம் இருக்கும்வரை புதிய படகுகள் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதும், வரவு செலவுக்குச் சமமாகிற இடத்தில்தான் அது நிற்கும் என்பதும் அவருடைய முடிவு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு விசைப்படகு ஒருமுறை கடலுக்குப் போய்வர டீசல், ஐஸ், ஆட்கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். மீன்பாடு குறைந்து, கிடைக்கும் மீனின் மதிப்பு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் படகு கரையில் நின்றுவிடும். கடலில் மீதமுள்ள மீன் பெருக அவகாசம் கிடைக்கும். இப்போது அரசு டீசலுக்கு இருபதாயிரம் ரூபாய் மானியம் தருகிறது. படகு இனி எண்பதாயிரம் ரூபாய் மீன் கிடைக்கும்வரை ஓடும். மீன்பாடு கடலிலுள்ள மீனின் அளவை ஒட்டியே அமைகிறது என்றால், மீன் கூட்டம் முன்பைவிட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிய பிறகே படகு நிற்கும்.

மானியம் வந்த முதல் பருவத்தில் கையில் கொஞ்சம் மிஞ்சும். மேலும் படகுகள் இறங்கி, மீன் குறைந்து, வரவும் செலவும் மீண்டும் சமமானதும் அந்த மிச்சம் மறைந்துவிடும். மானியம் இல்லாவிட்டாலும் இருந்தாலும் மீனவரின் நிலை கடைசியில் ஒன்றுதான். இருந்தால் கடலில் மீன் குறைவு. மீனவருக்கு உதவுவதற்கென்றே தரப்படும் பணம் இப்படிக் கரைந்துபோவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. எனவே எந்த நோக்கத்தோடு கொடுக்கப்படுகிறது என்பதைவிட, மானியம் கணக்கில் எந்த இடத்தில் நுழைகிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு பயணத்தின் செலவையும் குறைக்கும் எரிபொருள் மானியம் மீன்பிடியை நேரடியாகப் பெருக்குகிறது. தடைக்காலத்தில் கரையில் இருக்கும் குடும்பங்களுக்குத் தரும் நிவாரணத் தொகை அப்படிச் செய்வதில்லை.

ரஷீத் சுமைலாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டபடி, உலக அரசுகள் மீன்பிடித் தொழிலுக்குத் தந்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர். அதில் 2,220 கோடி டாலர் மீன்பிடித் திறனைப் பெருக்கும் வகையைச் சேர்ந்தது. அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு, மானியங்கள் இல்லாவிட்டால் பொதுக்கடலின் மீன்பிடிப் பரப்பில் 54 விழுக்காடு வரை இலாபமற்றதாகிவிடும் என்று காட்டியது.

இந்தப் பின்னணியில், மீன்பிடி மானியம் பற்றி உலக வர்த்தக அமைப்பில் 2001-இல் தோஹாவில் தொடங்கிய பேச்சு 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தமாக முடிந்தது. உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றபின், 2025 செப்டம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடியில் ஈடுபடும் கப்பல்களுக்கும், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்ட மீன் கூட்டங்களைப் பிடிப்பதற்கும், எந்த மேலாண்மை அமைப்பின் கட்டுப்பாட்டிலும் வராத பொதுக்கடல் பகுதிகளில் பிடிப்பதற்கும் இனி மானியம் தரக் கூடாது. வர்த்தக விதி ஒன்று, போட்டியாளரின் நட்டத்தை விட்டு இயற்கை வளத்தின் நிலையை அளவுகோலாகக் கொண்டது பெரிய மாற்றம்.

ஆனாலும் இரண்டாவது தடையில் ஒரு பலவீனம் உண்டு. மீன் கூட்டம் நலிந்துவிட்டது என்று கரையோர நாடோ வட்டார மீன்பிடி அமைப்போ சான்றுகளின் அடிப்படையில் அறிவித்தால்தான் அது செயல்படும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீனுக்கு நேர்ந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1968-இல் அங்கே சுமார் எட்டு லட்சம் டன் பிடிபட்டது. பெரும்பகுதியை அள்ளியவை ஐரோப்பாவிலிருந்து வந்த தொலைதூரக் கப்பல்கள். 1977-இல் கனடா 200 கடல் மைல் எல்லை வகுத்து அவற்றைக் கட்டுப்படுத்தியது. பின்னர் அரசின் ஆதரவோடு தன் சொந்தக் கப்பல்களைப் பெருக்கியது. எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சிய காட் மீன்கள் சில இடங்களில் நெருக்கமாகத் திரண்டன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகளும் மேம்பட்டிருந்தன. அதனால் இழுவைமடி என்ற பெரிய வலையைக் கடலில் இழுத்துச் செல்லும் கப்பல்களின் மீன்பாடு குறையவே இல்லை. அதை நம்பி மீன் நிறைய இருப்பதாகக் கணித்தார்கள். 1992 ஜூலையில் மீன்பிடியை முழுவதும் நிறுத்த நேர்ந்தபோது ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் பிழைப்பை இழந்தனர். நலிவு ஏட்டில் பதிவாகும்வரை காத்திருக்கும் விதி, மிகவும் பிந்தி வரக்கூடும்.

அதனால்தான் மீன்பிடித் திறனைப் பெருக்கும் மானியங்களையே கட்டுப்படுத்தும் இரண்டாம் பகுதி இந்த ஒப்பந்தத்துக்குத் தேவைப்படுகிறது. 2024-இல் அபுதாபியில் கூடிய அமைச்சர்கள் மாநாட்டில் அதற்கு இசைவு கிட்டவில்லை. மீன் வளத்தைக் காக்கும் ஏற்பாடு தன்னிடம் உண்டு என்று நிறுவும் நாடு மானியத்தைத் தொடரலாம் என்று அந்த இரண்டாம் பகுதியின் வரைவு சொல்கிறது. ஆய்வுக் கப்பல்களும் புள்ளிவிவரங்களும் உள்ள பெரிய நாடுகளுக்கு இது எளிது. ஒரே வலையில் பலவகை மீன் ஏறும் வெப்பமண்டலக் கடல்களுக்கு மிகக் கடினம். வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்றும், தொலைதூரக் கடலில் பிடிக்கும் நாடுகள் அத்தனை ஆண்டுகளுக்கு அத்தகைய மீன்பிடிக்குத் தரும் மானியத்தை நிறுத்த வேண்டும் என்றும் இந்தியா கேட்டது. கோரிக்கையின் பிற்பாதி முழு நியாயமுடையது. முற்பாதியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு; 25 ஆண்டுகளில் பல தலைமுறை மீன்கள் அழிந்துவிடும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. 2017-இல் பாக் விரிகுடாவின் இழுவைமடிப் படகுகளை விலக்கி, செவுள்வலையும், ஒரே நீளக் கயிற்றில் பல தூண்டில்கள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலும் கொண்டு சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகளை மாற்றாகத் தரும் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள படகுக்கு மத்திய அரசு பாதியும் மாநில அரசு 20 விழுக்காடும் கொடுத்தன. படகு கட்டத் தரும் மானியம் எல்லாமே தவறு என்று விதி எழுதினால் இதுவும் தவறாகும். பழைய இழுவைமடிப் படகு உண்மையாகவே தொழிலிலிருந்து நீங்கியதா, புதிய படகு தேடிப்போகும் சூரையின் இருப்பு எவ்வளவு என்று பார்த்தால் விடை வேறாகலாம். புதிய விதி இந்த வேறுபாட்டை அறியும்படி எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டாம் பகுதி முடிவாகாவிட்டால், உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு வேறு முடிவு எடுத்தாலொழிய, இப்போதுள்ள ஒப்பந்தமே காலாவதியாகிவிடும் என்று அதன் இறுதிப் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு 2029 செப்டம்பரில் முடிகிறது.