ஆயிரம் தீக்குச்சியும் ஒரு வாளி வெந்நீரும்

ஒரு தீக்குச்சி முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 1 கிலோஜூல் வெப்பம் வரும். 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர 1,000 கிலோஜூல் வேண்டும். ஆக, குளிக்க எடுத்துவைத்த வெதுவெதுப்பான ஒரு வாளித் தண்ணீருக்குள் ஆயிரம் தீக்குச்சிகளின் வெப்பம் இருக்கிறது. ஆனால் ஒற்றைக் குச்சி காகிதத்தைப் பற்றவைத்துவிடும். வாளிக்குள் காகிதத்தைப் போட்டால் நனையும், அவ்வளவுதான்.

தொழிற்சாலைக் கழிவு வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த வாளிதான் ஞாபகம் வரும். புகைபோக்கியைப் பார்த்து "எவ்வளவு வெப்பம் வீணாகிறது!" என்று அங்கலாய்ப்பது சுலபம். எத்தனை டிகிரியில் வீணாகிறது என்று அடுத்த கேள்வியையும் கேட்டால்தான் அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் தேறும் என்று சொல்ல முடியும்.

இதற்கு உச்சவரம்பு ஒன்று உண்டு என்று 1824ல் காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ. வெப்பத்தில் ஓடும் எந்த எந்திரமும் சூடான பக்கத்திலிருந்து வெப்பத்தை வாங்கி, ஒரு பகுதியை வேலையாக மாற்றி, மிச்சத்தைக் குளிர்ந்த பக்கத்தில் கொட்டியே ஆக வேண்டும். எவ்வளவு மாற்றலாம் என்பது அந்த இரண்டு வெப்பநிலைகளைப் பொறுத்தது. கணக்கு எளிது: இரண்டையும் கெல்வினில் (செல்சியஸ் டிகிரியோடு 273 கூட்டி) எழுதி, வித்தியாசத்தைச் சூடான பக்கத்து எண்ணால் வகுக்க வேண்டும். குளிர்ந்த பக்கம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 350 டிகிரி வெப்பத்திலிருந்து அதிகபட்சம் 50 சதவீதம் எடுக்கலாம். 150 டிகிரி என்றால் 26 சதவீதம். 80 டிகிரி என்றால் வெறும் 11. இவை எட்டவே முடியாத உச்சங்கள். நிஜ எந்திரங்கள் இதில் பாதியைத் தொட்டாலே நல்ல எந்திரங்கள்தான்.

சரி, ஒரு சிமென்ட் ஆலையை எடுத்துக்கொள்வோம். அரைத்தால் சிமென்டாகும் கட்டிகளுக்குக் கிளிங்கர் என்று பெயர். நாளுக்கு 5,000 டன் கிளிங்கர் தரும் ஒரு சூளைக்கு, டன்னுக்குச் சுமார் 3.3 கிகாஜூல் வீதம் எரிபொருள் வெப்பம் தேவை. மெகாவாட்டில் சொன்னால் சுமார் 190. சூளைக்குள் பொருள் 1,450 டிகிரி வரை சூடேறுகிறது. உள்ளே போன வெப்பத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 மெகாவாட், இரண்டு வாசல்கள் வழியாக வெளியேறுகிறது. ஒன்று, சுண்ணாம்புக்கல் மாவை முன்கூட்டியே சூடாக்கும் கோபுரத்தின் உச்சி. அங்கிருந்து வரும் புகை 300 முதல் 400 டிகிரி. இன்னொன்று, கனன்றபடி வந்து விழும் கிளிங்கரைக் காற்றடித்து ஆற்றும் கூலர்.

இரண்டு வாசலிலும் ஆளுக்கொரு கொதிகலன் வைப்பார்கள். சூடான வாயு குழாய்களுக்கு வெளியே பாயும். குழாய்க்குள் தண்ணீர் ஆவியாகும். ஆவி டர்பைனைச் சுற்றும். டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும். கடைசியில் ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகி பம்புக்கு வரும். பெரிய அனல்மின் நிலையத்தில் நடப்பதும் இதுதான். இங்கே அடுப்பு மட்டும் கிடையாது.

இத்தனையும் செய்து கிடைப்பது 6 அல்லது 7 மெகாவாட். அறுபதிலிருந்து ஆறா? கார்னோ 50 சதவீதம் வரை தாராளமாகக் கொடுத்தாரே, மிச்சம் எங்கே போனது?

விஷயம் இதுதான். புகை 350 டிகிரியிலேயே நிற்பதில்லை. வெப்பத்தைக் கொடுக்கக் கொடுக்க அதுவே ஆறிக்கொண்டு வருகிறது. தண்ணீரோ பிடிவாதமானது; கொதிக்க ஆரம்பித்தால் கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை ஒரே வெப்பநிலையில் நின்றுவிடும். அந்த வெப்பநிலை அழுத்தத்தைப் பொறுத்தது. 100 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய நூறு மடங்கில், தண்ணீர் 311 டிகிரியில் கொதிக்கும். அந்த ஆவி டர்பைனுக்கு விருந்துதான். ஆனால் 350 டிகிரியில் வரும் புகையால் 311 வரை, வெறும் 39 டிகிரி இறங்கும் வரைதான் தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியும். அதற்குக் கீழே போனால் புகையைவிடத் தண்ணீர் சூடாகிவிடும். அழுத்தத்தை 10 பாருக்குக் குறைத்தால் 180 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவி நிறைய வரும், ஆனால் அதில் வலு குறைவு. வலுவான ஆவி கொஞ்சமா, சோகையான ஆவி நிறையவா? இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைப் பிடிப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. பல ஆலைகளில் இரண்டு அழுத்தங்களில் ஆவி எடுத்து ஒரே டர்பைனுக்கு வெவ்வேறு இடங்களில் கொடுக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, புகையை முழுக்க ஆறவிடவும் முடியாது. ஈரமான சுண்ணாம்புக்கல்லை உலர்த்த அதே புகைதான் அரவை மில்லுக்குப் போக வேண்டும். 200 டிகிரி அளவில் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

கூலரில் நடக்கும் ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் கடைசியில் வெளியேறும் காற்று 250 டிகிரி சுமாருக்கு இருக்கும். கூலரின் நடுவிலேயே ஒரு திறப்பு வைத்து, இன்னும் சூடாக இருக்கும் இடத்துக் காற்றைத் தனியாக உறிஞ்சினால் 350 டிகிரிக்கு மேல் கிடைக்கும். கிளிங்கரிலிருந்து வரும் வெப்பம் கூடவில்லை. நல்ல சூடும் அரைச் சூடும் கலந்துபோகாமல் பிரித்ததுதான் லாபம். வாளியாகப் போக இருந்ததில் சில தீக்குச்சிகளைக் காப்பாற்றிய மாதிரி.

இனி தூசி. கோபுரத்துப் புகையில் வரும் தூசி மாவுபோல மென்மையாக இருக்கும். குழாய்மேல் படிந்து போர்வையாகிவிடும். அதனால் அந்தக் கொதிகலனில் சுத்தியல்கள் பொருத்தி, முறைவைத்துக் குழாய்களைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் நின்றால் யாரோ இரும்புக் கதவைத் தட்டுவதுபோல ராப்பகலாகக் கேட்கும். கிளிங்கர் தூசிக்கு நேர்மாறான குணம். உப்புத்தாள்போல உரசிக் குழாயைத் தேய்த்துவிடும். எனவே கொதிகலனுக்கு முன்னால் ஓர் அகலமான அறை கட்டி, காற்றின் வேகத்தைக் குறைத்து, கனமான துகள்களைக் கீழே விழவைக்கிறார்கள். கந்தகம் உள்ள புகை என்றால் இன்னொரு தொல்லை: அதிகமாக ஆறவிட்டால் கந்தக அமிலம் பனித்துளிபோலப் படிந்து குழாயை அரிக்கும்.

வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும்போது தண்ணீரையே மாற்றிவிடுகிறார்கள். பென்டேன் 36 டிகிரியிலேயே கொதிக்கும். நீராவி டர்பைனில் விரியும்போது நீர்த்துளிகள் உருவாகி இறக்கைகளைக் கடிக்கும். பென்டேன் ஆவி விரிந்தாலும் உலர்வாகவே இருக்கும். தீப்பிடிக்கும் பொருள் என்பதால் சூடான வாயுவை நேரடியாக அதன் பக்கம் விடுவதில்லை. நடுவில் வெப்ப எண்ணெய் ஓடி வெப்பத்தைக் கைமாற்றும். ஜெர்மனியில் லெங்ஃபுர்ட் சிமென்ட் ஆலையில் 1999ல் கூலர் காற்றை வைத்து இப்படி ஒரு மெகாவாட்டுக்குச் சற்று மேல் எடுக்கத் தொடங்கினார்கள். ஆர்கானிக் ராங்கின் சுழற்சி என்பது இதன் பெயர். பெயர்தான் மிரட்டும்; திரவம் மாறிய நீராவி எந்திரம், வேறொன்றுமில்லை.

வெப்பநிலையின் மேல்கோடிக்கு உதாரணம் எஃகு ஆலைக்கான கோக், அதாவது காற்றில்லாமல் சுட்டெடுத்த நிலக்கரி. அடுப்பிலிருந்து சுமார் 1,000 டிகிரியில் வெளிவரும். பழைய முறையில் அதன் தலையில் தண்ணீரைக் கொட்டுவார்கள். பெரிய வெள்ளை மேகம் எழும்பும், மொத்த வெப்பமும் வானத்துக்குப் போய்விடும். இப்போது பல இடங்களில் மூடிய அறைக்குள் நைட்ரஜனைச் சுற்றவிட்டு ஆற்றுகிறார்கள். அந்த நைட்ரஜன் கொதிகலனுக்குப் போகிறது. இந்தச் சூட்டில் உயர் அழுத்த ஆவியே எடுக்கலாம். இதை விடுவதுதான் உண்மையான வீண்.

டர்பைனே இல்லாமல், இரண்டு பொருள்களின் சந்திப்பைச் சூடாக்கி நேரடியாக மின்சாரம் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இயற்பியலாளர் சீபெக் 1821ல் கண்ட விளைவு அது. 1977ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இன்றும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் வெப்பத்தில் சுமார் 5 சதவீதம்தான் மின்சாரமாகும். குழாயில் ஒட்டிய ஒரு சென்சாருக்குப் போதும். ஆலைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

என்னைக் கேட்டால், மின்சாரம் கடைசித் தேர்வாகத்தான் இருக்க வேண்டும். வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தினால் கார்னோவுக்கு வரி கட்ட வேண்டாம். 1856லேயே ஃபிரெடரிக் சீமென்ஸ் உலையின் புகையால் செங்கல் அடுக்குகளைச் சூடாக்கி, அதன் வழியாகவே உள்ளே போகும் காற்றைச் சூடேற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பல கண்ணாடி உலைகள் இன்றும் அப்படித்தான் இயங்குகின்றன. சிமென்ட் கோபுரமும் அதே யோசனைதான். அதில் மாவைச் சூடாக்கும் அடுக்குகள் கூடக் கூட எரிபொருள் மிச்சம், வெளியேறும் புகையின் சூடும் இறக்கம். கொதிகலனுக்கு அது நஷ்டம், ஆலைக்கு லாபம்.

சூளைதான் முதலாளி என்பது கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் தெரியும். கொதிகலனைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மாற்றுக் குழாயும் அதில் ஒரு தடுப்புக் கதவும் எப்போதும் இருக்கும். கொதிகலனில் குழாய் ஒழுகினால் கதவைத் திறந்து புகையை அந்தப் பக்கம் விட்டுவிடுவார்கள். சூளை தன் பாட்டுக்கு ஓடும். சூளை நின்றுபோனால் டர்பைனுக்கு அப்படி மாற்று வழி கிடையாது.